மணமில்லாத மெழுகுதிரி

9 பெப்ரவரி 2025, ஞாயிறு
அப்புத்தளை

காலையிலிருந்து பனிமூட்டம். எதிர்வீட்டுக் கூரைகூட மத்தியானம் வரை தெரியவில்லை. உடுப்புத் தோய்த்துக் கொடியில் போட்டேன். காயும் என்ற நம்பிக்கை எனக்கும் இல்லை, உடுப்புக்கும் இல்லை.

மனுசி யசோ பண்டாரவளைக்குப் போய் வந்தாள். பையில் கரட், லீக்ஸ், அடியில் பேப்பரில் சுற்றிய ஒரு கண்ணாடிக் குவளை.

"என்னன்னு சொல்லுங்க பாப்போம்."

தண்ணீர் என்றுதான் நினைத்தேன். தண்ணீருக்குள் இரண்டு சிப்பி, நடுவில் வெள்ளைத் திரி. சரித்துப் பார்த்தேன், தண்ணீர் அசையவில்லை. ஜெல் மெழுகுதிரியாம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பரிசுப் பொருள் கடை வைத்திருக்கும் ஸிஹாமாவிடம் இது ஒன்றுதான் இருந்ததாம். கொளுத்தினோம். சாதாரண மெழுகுதிரியில் சுடர் மட்டும்தான் வெளிச்சம். இதில் குவளை முழுவதுமே வெளிச்சமாகிவிட்டது. சிப்பிகளின் வரிகள்கூட எண்ணலாம் போலத் தெரிந்தன.

நல்ல மணம் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.

அவளே கேட்டாள்: "மணம் எப்பிடி?"

"மல்லிகை மாதிரி. கனநேரம் இருந்தால் தலையிடிக்கும்."

"அப்ப நான் தப்பிச்சேன்" என்று சிரித்தாள்.

அந்தப் பெருந்தொற்றுக் காலத்துக் காய்ச்சலோடு போன மூக்கு அவளுக்கு இன்னும் திரும்பவில்லை. வந்துவிடும் என்று ஆரம்பத்தில் சொன்ன டொக்டர்களும் இப்போது அந்தப் பேச்சை எடுப்பதில்லை. நான் ஆஸ்பத்திரி மருந்தாளர். நாள் முழுக்க மருந்து எடுத்துக் கொடுப்பவன். என் அலுமாரிகளில் அதற்கு மட்டும் ஒன்றும் இல்லை.

அதை வைத்து அவள் பகிடி விட்டது இன்றுதான் முதல் தரம். அதற்காகத்தான் இதை எழுதி வைக்கிறேன்.

11 பெப்ரவரி

வேலை முடிந்து வந்தால், மெழுகுதிரியைத் தோண்டி எடுத்துத் தட்டில் பரப்பி விரலால் அமத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மஸ்கட் இனிப்புப் போலத் துள்ளுகிறது.

"காசு குடுத்து வாங்கினதை என்ன செய்யிறாய்?"

"உள்ள என்னா இருக்குன்னு பாக்கிறேன்."

23 பெப்ரவரி, ஞாயிறு

கொழும்பிலிருந்து பார்சல் வந்தது. ஜெல் கட்டிகள், உள்ளே மெல்லிய உலோகக் கம்பி ஓடும் திரி, வெப்பமானி, சாயத்துளி. நான்கு நாளாகத் தொலைபேசியில் செய்முறை பார்த்து, பழைய கலண்டரின் பின்பக்கத்தில் குறிப்பெழுதி வைத்திருந்தாள்.

முதல் குவளை முழுக்கக் குமிழி. சோடாப் போத்தலைக் குலுக்கினாற்போல. இரண்டாவது, கலக்கல். மூன்றாவதை ஊற்றும்போதே திரி சரிந்து விழுந்தது.

நான் நல்லாயிருக்கிறது என்றேன்.

"பொய் சொல்லாதீங்க. அசிங்கமா இருக்கு." கோபமில்லை. கலண்டரில் ஏதோ எழுதினாள். மூன்றையும் திரும்பப் பானையில் போட்டு உருக்கத் தொடங்கினாள். ஜெல்லில் அது ஒரு வசதி. பிழைத்தால் உருக்கி மறுபடி ஊற்றலாம்.

அவள் பாலர் பாடசாலையை விட்ட நாளிலிருந்து இப்படி ஒன்றில் மூழ்கி நான் பார்க்கவில்லை. பூனாகலையில், தான் பிறந்த தேயிலைத் தோட்டத்திலேயே படிப்பித்தாள். பிள்ளைகளுக்கு அவள் என்றால் உயிர். ஏன் விட்டாள் என்று எல்லோரும் கேட்டார்கள். எனக்கு மட்டும்தான் காரணம் சொன்னாள். ஒரு சின்னப்பிள்ளை உடுப்போடு வெளிக்குப் போய்விட்டு வெட்கத்தில் சொல்லாமல் காலை முழுவதும் உட்கார்ந்திருந்ததாம். மற்றப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திச் சிரித்தபோதுதான் இவளுக்குத் தெரிந்ததாம். "அந்தப் புள்ள என்னைப் பாத்த பார்வைங்க..." அடுத்த வாரம் விலகல் கடிதம் கொடுத்துவிட்டாள்.

9 மார்ச், ஞாயிறு

குமிழியின் குணம் பிடிபட்டுவிட்டது. குவளையை முதலில் வெந்நீர் ஆவியில் சூடாக்கித் துடைக்க வேண்டும். ஜெல் சீனிப்பாணிப் பதத்துக்கு வர வேண்டும். அவசரப்படாமல் பக்கவாட்டில் ஒழுக விட வேண்டும். மெழுகு பூசிய திரியைப் போட்டால் கலங்கும் என்று, திரியைத் தனியே ஜெல்லில் தோய்த்துக் காயவைக்கிறாள். நாலு குவளைகளும் இன்று ஊற்றுத் தண்ணீர் மாதிரி.

ஸிஹாமா வந்து பார்த்தார். கெட்டிக்காரி, வியாபாரத்தில் பழுத்தவர். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பிடித்துப் பார்த்தார்.

"மாஷா அல்லாஹ், கண்ணாடி மாதிரி ஈக்கி. என்ன மணம் போட்ட?"

"மணம் போடலக்கா."

"மணம் இல்லாட்டி யாரு வாங்குற, தங்கச்சி? எல்லாரும் முதல்ல எடுத்து மூக்குலதானே வெக்கிற."

அவர் போன பிறகு ரோஜா எண்ணெய் ஒன்றைக் கலந்து பார்த்தோம். ஜெல் பால் மாதிரிக் கலங்கியது. வேறு எண்ணெய் வாங்கலாம், நானே முகர்ந்து அளவு சொல்கிறேன் என்றேன். மருந்து கலக்கிற எனக்கு அது ஒரு வேலையா?

கலங்கிய குவளையை வெளிச்சத்தில் ஒருதரம் திருப்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "எனக்குத் தெரியாத ஒன்ன எப்பிடிங்க நான் விக்கிறது? நல்லதா கெட்டதான்னு நீங்க சொல்லணும், நான் நம்பணும். வேணாம். கண்ணுக்குன்னே செய்றேன்."

நான் பானையைக் கழுவினேன்.

30 மார்ச், ஞாயிறு

இன்று ஒன்றைப் பார்த்தேன். எழுதாமல் இருக்க முடியாது.

ஒரு தட்டில் மணல் பரப்பி, குவளையை அதில் சாய்த்து நிறுத்தி, கடும்பச்சை ஜெல்லைக் கொஞ்சம் ஊற்றியிருக்கிறாள். அது சாய்ந்தபடியே இறுகியது. பிறகு மறுபக்கம் சாய்த்து இன்னும் கொஞ்சம், வெளிர்பச்சை. பிறகு இன்னும் வெளிறியது. நிமிர்த்தினால், ஒன்றன் பின் ஒன்றாக மலைச்சரிவுகள்! அதற்கு மேல் சாயமே இல்லாத ஜெல். ஆனால் அதைச் சூடு தணிய விட்டு, கரண்டியால் மெல்லக் கலக்கி ஊற்றியிருக்கிறாள். வேண்டுமென்றே குமிழி. பொடிப்பொடியாய், மலையின் இடுப்பில் அடர்ந்து, மேலே போகப்போக ஐதாகி—

"பனி" என்றேன்.

"கண்டுபுடிச்சிட்டீங்களே!"

ஒரு மாதமாகக் குமிழியோடு சண்டை பிடித்தவள், இப்போது அதற்கு வேலை கொடுத்திருக்கிறாள். நான் பதினொரு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். பனி என்றால் எனக்கு உடுப்புக் காயாதது, பஸ் பிந்துவது, இருமல் மருந்து முடிவது. கொளுத்தி வைத்தபோது சுடர் அந்தக் குமிழிகளுக்குப் பின்னால் போய் நின்றது. விடிகாலையில் ஹல்துமுல்லைப் பக்கம் சரிவில் வெயில் ஏறும்போது அப்படித்தான் இருக்கும். எத்தனை தரம் பஸ் யன்னலால் பார்த்திருப்பேன். பார்த்தேனா?

நான் யாழ்ப்பாணத்து ஆள், கதைக்கத் தெரிந்த அளவுக்குப் பாராட்டத் தெரியாது என்று அவள் சொல்வாள். இன்று வெறும் "நல்லாயிருக்கு" என்றுதான் வந்தது. இங்கே எழுதுகிறேன்: என் மனுசி ஒரு மலையைக் குவளைக்குள் வைத்துவிட்டாள்.

14 ஏப்ரல்

புதுவருடம். ஸிஹாமாவின் கடையில் வைத்த மலைக் குவளை ஒன்றும் மிச்சமில்லை. மூக்கில் வைத்துப் பார்த்தவர்களும் வாங்கினார்களாம்.

18 மே, ஞாயிறு

எல்ல ஊர்ப் பக்கம் விருந்தினர் விடுதி நடத்தும் ரெங்கசாமி என்பவர் வந்தார். பதுளையில் குடும்பமாகக் கடை வைத்திருப்பவர்கள். மரியாதையான மனுசன். மலைக் குவளையை ஸிஹாமா கடையில் பார்த்தாராம். ஒவ்வொரு அறைக்கும் ஒன்று, சாப்பாட்டு மேசைகளுக்கு, வெள்ளைக்காரர் வாங்கிப் போக என்று பெரிய தொகை வேண்டுமாம். மாதா மாதம்.

"ஒரே ஒரு மாத்தம் தங்கச்சி. மலைன்னா தேயில வேணும்ல? உள்ளுக்குக் காஞ்ச தேயில கொழுந்து நாலஞ்சு போட்டுருங்க. அதுதான் அவங்களுக்குப் புடிக்கும்."

யசோ முகத்தைப் பார்த்தேன். சந்தோசமும் இருந்தது, ஒரு தயக்கமும் இருந்தது. "செஞ்சு பாத்துட்டுச் சொல்றேன்ங்க" என்றாள்.

அவர் போனதும் நான் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். அவள் போடவில்லை. கொழுந்தைக் காயவைக்கப் போனாள்.

25 மே, ஞாயிறு

தேயிலைக் குவளை அழகாகத்தான் வந்தது. மலைக் குவளையைவிட அழகென்றே நான் சொல்வேன். முற்றத்தில் தகரத் தட்டில் வைத்துக் கொளுத்தி, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவள் எதையும் கடைசி வரை எரித்துப் பார்க்காமல் வெளியே கொடுப்பதில்லை.

பாதி வரை ஒன்றும் இல்லை. ஜெல் உருகி இறங்க, ஒரு கொழுந்து மேலே மிதந்து திரியில் முட்டியது. அதுவே இன்னொரு திரியாகிவிட்டது. சுடர் குவளை வாய்க்கு மேல் எழும்பி— 'டக்' என்றொரு சத்தம். கண்ணாடி பிளந்தது. எரிகிற ஜெல் தட்டில் ஓடியது. நான் ஈரச்சாக்கைப் போட்டேன்.

இரண்டாவதை ரெங்கசாமியை வரச்சொல்லி அவர் கண் முன்னாலேயே எரித்தாள். அதுவும் அப்படியே. அவர் திகைத்துத்தான் போனார். ஆனாலும்:

"இது எப்பவாவது நடக்கிறதுதானேம்மா. பாதி எரிஞ்சதும் அணைச்சிடச் சொல்லுவோம். சீட்டு ஒட்டுவோம்."

"சீட்ட யாருங்க வாசிப்பா? அறையில ஒரு புள்ள தூங்கிட்டு இருந்தா?"

"நீங்க செய்யாட்டி வேற ஆள் செஞ்சு குடுப்பாங்க."

"குடுக்கட்டும். என் கையால போகாதுங்க."

குரலை உயர்த்தவில்லை. தேத்தண்ணி கொடுத்துத்தான் அனுப்பினாள். அவர் படி இறங்கியதும் சுவரில் சாய்ந்து நின்றாள். அவ்வளவு பெரிய ஓடரை வேண்டாம் என்று சொல்ல அவளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கிறது. அப்படியிருந்தும் சொன்னாள். நானாயிருந்தால் சீட்டு ஒட்டலாம் என்பதோடு நின்றிருப்பேன் என்று நினைக்கிறேன்.

18 ஜூன், புதன்

எழுத்துக் கோணலாய்ப் போகுது.

காற்றுக் காலம். கதவு யன்னல் எல்லாம் சாத்தித்தான் இருக்கும். வேலையால வந்து படலையைத் திறக்கேக்கையே மணம். காஸ். அழுகின முட்டை மாதிரி. கதவைத் திறக்க மூஞ்சியில அடிச்சுது. குசினியில யசோ. அடுப்பில பானை. கையில லைட்டர்.

"கொளுத்தாதை! யசோ, கொளுத்தாதை!"

அப்பிடியே நிண்டாள். என்ன நடந்தது எண்டு அவளுக்கு விளங்கேல்லை. என்ர முகத்தைப் பாத்துத்தான் விளங்கினது. லைட்டரைப் பறிச்சன். சிலிண்டரை மூடி, யன்னல் எல்லாம் திறந்து, அவளை வெளியால இழுத்துக்கொண்டு போனன். ரப்பர் குழாய் மூட்டில சின்ன வெடிப்பு. அவ்வளவுதான். ஒரு பொட்டு நெருப்பு, அவ்வளவுதான். பஸ் கொஞ்சம் பிந்தியிருந்தால்?

நான் கத்தினேன். இவ்வளவு காலத்தில் அப்படிக் கத்தியதில்லை. இண்டையோட உந்த மெழுகுதிரி போதும், எல்லாத்தையும் கட்டி வை எண்டு. அவள் மதிலோரம் காற்றில் நின்றாள், சேலைத் தலைப்பை மூக்கில் வைத்து இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டு. காஸ் மணம் அதில் இருக்கிறதா என்று பார்த்தாளாக்கும்.

அதைப் பார்த்ததும் என் சத்தம் அடங்கிவிட்டது.

19 ஜூன்

பேசவில்லை. அவளும், நானும்.

20 ஜூன்

சாப்பாடு போடும்போது கேட்டாள்: "மெழுகுதிரிய நிப்பாட்டுறேன். சோறு ஆக்கிறதையும் நிப்பாட்டட்டுமா? அதே அடுப்புதானே."

அவள் சொன்னதில் குத்தல்கூட இல்லை. உண்மையாகவே கேட்டாள்.

22 ஜூன், ஞாயிறு

காலையில் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். பாலர் பாடசாலையில் பெற்றோரை உட்கார வைப்பது போல.

"நீங்க பயந்தது சரி. நானும் பயந்துட்டேன். ஆனா நீங்க வீட்டுல இருக்கிற நேரம் மட்டும்தான் நான் அடுப்பு பத்த வைக்கணும்னா, என்னால இருக்க முடியாதுங்க. இதப் பாருங்க."

ஒரு கோப்பையில் சவர்க்காரத் தண்ணீர், ஒரு சின்னத் தூரிகை. மாற்றிய புதுக் குழாயின் மூட்டுகளில், சிலிண்டர் வாயில் எல்லாம் பூசினாள். ஒன்றுமில்லை. பிறகு, வாசலுக்கு வெளியே கொண்டுபோய், அந்த வெடித்த பழைய குழாயின் ஒரு முனையை விரலால் அடைத்து மற்ற முனையில் என்னை ஊதச் சொன்னாள். ஊதினேன். வெடிப்பில் சவர்க்காரம் பூசினாள். சின்னச் சின்னதாக, மணிமணியாகக் குமிழிகள் எழும்பின.

"இத என் கண்ணுக்குத் தப்ப விடுவேன்னு நினைக்கிறீங்களா?"

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. கூடவே கண்ணும் கலங்கியது. அரிசிமணியில் பாதியளவுக் குமிழியைக்கூடக் குவளையின் அடியில் கண்டுபிடிக்கிற கண் அது. என் மூக்கைவிட நம்பலாம்.

இனி அடுப்பு பத்த வைக்குமுன் ஒவ்வொரு தரமும் சவர்க்காரத் தண்ணீர். ஜெல் உருக்குவது பின்பக்கக் கொட்டிலில் மின்சார அடுப்பில், வெப்பமானி வைத்து. காஸ் கசிந்தால் கத்துகிற கருவியொன்று பதுளையில் இருக்கிறதாம், அதையும் வாங்க வேண்டும். எல்லாவற்றையும் யோசித்து வைத்திருக்கிறாள். இத்தனை நாள் அவ்வளவாகப் பேசாமல் இருந்தது கோபத்தில் என்று நினைத்தேன். வேலையில் இருந்திருக்கிறாள்.

28 ஜூன்

பதுளையில் கருவி வாங்கி வந்தேன். நான் உயரத்தில் ஆணி அடிக்கப் போனேன். பெட்டிக்குள் இருந்த தாளை இரண்டு பேருமாக வாசித்தோம். காஸ் கீழேதான் தங்குமாம். முழங்கால் உயரத்தில் மாட்டினோம். சோதிக்கிற பொத்தானை அமத்தினாள். அயல் நாயெல்லாம் குரைத்தது.

"போதுமாங்க?"

போதும் என்றேன். ஆனாலும் வேலையிலிருந்து நாளுக்கு இரண்டு தரம் போன் பண்ணி, காஸ் மூடினாயா என்று கேட்கிறேன். அவள் ஒவ்வொரு தரமும் பொறுமையாக, "மூடியாச்சுங்க" என்கிறாள்.

13 ஜூலை, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் எங்களோடு வேலை செய்யும் மொஹிதீன் போன வாரம் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். அவர் மனைவிக்குப் புற்றுநோய் மருந்து ஏற்றுகிறார்கள். சாம்பிராணி, சவர்க்காரம், தாளிதம், எந்த மணமும் ஆகாதாம், உடனே சத்தி எடுக்கிறாவாம். "இருட்டுல படுக்க பயப்படுறா. பெரிய லைட் போட்டா கண் கூசுதாம். உங்கட வீட்டு மெழுகுதிரிக்கு மணம் இல்லைதானே?"

யசோவிடம் சொன்னேன். மலைக் குவளை ஒன்றை எடுத்தாள், திரும்ப வைத்தாள். யோசித்துப் புதிதாக ஒன்று ஊற்றினாள். அகலமான தடித்த குவளை, சின்னத் திரி, சாயமே இல்லை, குமிழியும் இல்லை. அடியில் மட்டும் வெள்ளைக் கூழாங்கல். பிறகு அதே மாதிரி இன்னொன்று ஊற்றி, அதைக் கடைசி வரை எரித்துப் பார்த்த பின்தான் முதலாவதைக் கொடுத்தாள். யாராவது முழித்திருக்கும்போது மட்டும் கொளுத்தச் சொன்னாள்.

"மணம் கொஞ்சங்கூட இல்லயான்னு நீங்க ஒருதரம் பாருங்க" என்று என் மூக்கருகே நீட்டினாள். தான் செய்ததை முகரச் சொல்லி அவளாகக் கேட்டது அதுதான் முதல் தரம்.

இல்லை. ஒன்றுமே இல்லை.

16 ஜூலை

மொஹிதீன் சொன்னார்: "நேத்து அத பாத்துக்கிட்டே கஞ்சி குடிச்சா." அவ்வளவுதான் சொன்னார், அப்புறம் மருந்துச் சீட்டுகளைத் திருப்பித் திருப்பி அடுக்கிக்கொண்டிருந்தார்.

யசோவிடம் அப்படியே சொன்னேன். கேட்டுவிட்டுக் கொட்டிலுக்குப் போனாள். கொஞ்ச நேரம் திரும்பி வரவில்லை.

10 ஓகஸ்ட், ஞாயிறு

ரெங்கசாமி மறுபடி வந்தார். வேறு யாரிடமோ தேயிலைக் குவளை வாங்கி, மேசை விரிப்பு ஒன்று கருகிப்போனதாம். ஆருக்கும் ஒன்றுமில்லை. யசோவின் முன்னால் சுற்றி வளைக்காமல் சொன்னார்: "நீங்க சொன்னதக் கேட்டிருக்கணும் தங்கச்சி. உங்க இஷ்டம் போலவே செஞ்சு குடுங்க."

நானாயிருந்தால் கொஞ்சம் பெருமையடித்திருப்பேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "கையில கில்ல சுட்டுக்கலயே யாரும்?"

அப்புறம் மாதத்துக்கு எத்தனை செய்ய முடியும் என்று பேசினார்கள். அவர் கேட்டதில் பாதிதான் முடியும் என்றாள். எரித்துப் பார்க்க நேரம் வேண்டுமே.

31 ஓகஸ்ட், ஞாயிறு

அண்ணாவின் மகள் பிரசாந்தினிக்குக் கலியாணம். செப்டெம்பர் பதினொன்று, வியாழன். அளவெட்டியிலிருந்து அண்ணி போனில் அழைத்தா.

"நீங்க போயிட்டு வாங்க" என்றாள் யசோ. "எனக்கு வேலை கெடக்கு."

வேலை காரணமில்லை. எனக்குத் தெரியும். காய்ச்சலுக்குப் பிறகு என் ஆட்களின் கலியாணமொன்றுக்குப் போனோம். பந்தியில் இவள் பாயசத்தை வாயில் வைத்து, என்ன ருசி என்று தெரியாமல் விழுங்கிக்கொண்டிருக்க, பக்கத்தில் இருந்த ஒரு மாமி எல்லோருக்கும் கேட்க, "பாவம், இவவுக்கு மணம் குணம் ஒண்டும் தெரியாதாம்" என்றா. ஏற்கெனவே தோட்டத்துப் பிள்ளை என்று ஒரு பார்வை இருந்தது. அதோடு இதுவும். அன்று முதல் அவள் எந்தக் கலியாணத்துக்கும் போவதில்லை. பூனாகலைக் கோயில் திருவிழாவுக்குக்கூட.

வற்புறுத்தவில்லை.

4 செப்டெம்பர், வியாழன்

புறப்பட்டேன். வேலைக்குப் பத்து நாள் லீவு. வாசலில் நின்று, "கட்டுற சாரத்தை மறந்துட்டீங்க" என்று பையில் திணித்தாள். ரயில் வளைவில் திரும்பும்போது எங்கள் கொட்டிலின் தகரம் தெரியும். தெரிந்தது.

6 செப்டெம்பர்
அளவெட்டி

வெக்கை. பந்தல், பலகாரம், சனம். யசோ எங்கே என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேலை என்கிறேன். என்ன வேலை என்று கேட்டவர்களுக்குத் தொலைபேசியில் இருந்த படங்களைக் காட்டினேன். அண்ணா மலைக் குவளையை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "இதைக் கையால செய்தவளோ?" ஆம் என்றேன். எத்தனை தரம் சொன்னாலும் அலுக்கவில்லை.

8 செப்டெம்பர், திங்கள்

பின்னேரம் அண்ணாவோடு கீரிமலைக்குப் போனேன். குளித்துவிட்டுக் கரையில் இருக்கும்போது யசோ போன் பண்ணினாள். பின்னால் கடல் சத்தம் கேட்டிருக்கிறது.

"கடல் கிட்டயா இருக்கீங்க? என்ன நிறம்?"

"படம் எடுத்து அனுப்பிறன், பொறு."

"படத்துல நிறம் மாறிடும். சொல்லுங்க. ரெங்கசாமி அண்ணன் கடல் மாதிரி ஒன்னு கேட்டாரு. பச்சையா, நீலமா?"

பார்த்தேன். இந்தக் கரையில்தான் வளர்ந்தேன். சொல்ல வரவில்லை. "கரையில நிறமே இல்லை. கொஞ்சம் தள்ளி... பச்சையும் இல்லை, நீலமும் இல்லை. மயில்துத்தத்தைத் தண்ணியில கன ஐதாக் கரைச்ச மாதிரி."

"கடலக் கேட்டா மருந்து சொல்றீங்களே!" சிரித்தாள். கலண்டர்த் தாளைப் புரட்டும் சத்தம் போனில் கேட்டது. பிறகு சொன்னாள்:

"உங்கள நம்பி ஊத்த முடியாதுங்க. நானே வந்து பாத்துக்கிறேன்."

"எப்ப?"

"நாளைக்கு. ரயில்ல கொழும்பு, அங்கருந்து பஸ்."

"கலியாணத்துக்கும் நிப்பியோ?" கேட்கும்போது என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

"கடலப் பாக்கத்தான் வாறேன். வந்ததுக்குக் கலியாணத்துலயும் நிக்கிறேன். யாராச்சும் என்னமாச்சும் சொன்னா நீங்க இடையில வராதீங்க. நான் பேசிக்கிறேன்."

சரி என்றேன். வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னேன். பந்தல் வேலையை விட்டுவிட்டு அறை ஒதுக்கப் போனா. இதை எழுத உட்கார்ந்தபோதுதான் நினைவு வந்தது: வந்ததிலிருந்து ஒவ்வொரு நாளும் அவளோடு கதைத்திருக்கிறேன். காஸ் மூடினாயா என்று ஒரு தரம்கூடக் கேட்கவில்லை.

அண்ணாவின் மோட்டார் சைக்கிளைக் கேட்டு வைத்திருக்கிறேன். புதன் காலை பஸ்ஸால் அவள் இறங்கியதும் வீட்டுக்குத் திரும்பாமல் நேரே கடலுக்குப் போகலாம் என்று நினைக்கிறேன்.